இரண்டு பதின்மூன்றுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் நார்மன் ரிச் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனி அடிபட்டுக் கை கால் இழந்தவர்கள் கொரியப் போரில் 13 சதவீதம், வியட்நாமிலும் ஏறக்குறைய அதே 13 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ரிச் சாதித்தது என்ன? காயம்பட்டவர்களின் பதிவேடு எழுதியது மட்டும்தானா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்

வணக்கம் ஐயா,

கணக்கு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டேன். இரண்டு 13-ஐயும் அருகருகே வைத்துவிட்டு விளக்காமல் போனது என் தப்புதான்.

இரண்டாம் உலகப் போரில் தமனி அறுந்தால் பெரும்பாலும் அதைக் கட்டி ரத்தத்தை நிறுத்துவார்கள். உயிர் தப்பும், கால் தப்புவது அதிர்ஷ்டம். 1946-ல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் டெபேக்கியும் சிமியோனும் வெளியிட்ட கணக்கில் 2,471 காயங்கள். சுமார் 40 சதவீதத்தில் உறுப்பை எடுக்க வேண்டியிருந்தது. தைத்துப் பார்த்தது 81 பேருக்குத்தான். கொரியாவில் தைப்பது வழக்கமாகி 13-க்கு இறங்கியது. ஆனால் அது 304 காயங்களின் கணக்கு. ரிச் 1970-ல் வெளியிட்டது 1,000 தமனிக் காயங்களின் கணக்கு. குண்டுகளின் வேகம் கூடியிருந்தது. முன்பென்றால் வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்களை ஹெலிகாப்டர் அறுவை மேசைக்குக் கொண்டுவந்து போட்டது. அப்படியும் எண் 13-லேயே நின்றது.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். கள மருத்துவமனையில் தைத்தவருக்கு, விமானமேறிப் போன ஆளின் கால் பிறகு என்னவாயிற்று என்று தெரியாது. 1965-66-ல் வியட்நாமில் ரிச்சும் அப்படித் தைத்தவர்தான். திரும்பியதும் 1966-ல் அமெரிக்க ராணுவத்தின் வால்ட்டர் ரீட் மருத்துவமனையில் பதிவேட்டைத் தொடங்கி, காயம்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்ந்தார்.

உங்கள் 13 சராசரிதானே? முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியை மட்டும் பிரித்துப் பார்த்தால் வியட்நாமிலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் பேர் காலை இழந்தார்கள். அங்கே தமனியோடு ஒட்டி ஓடும் சிரையும் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) கிழியும். தைத்தால் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடும் என்று பயந்து பலர் சிரையைக் கட்டிவிடுவார்கள். ரிச் தொடர்ந்து பார்த்த 110 சிரைக் காயங்களில், கட்டப்பட்டவர்களில் பாதிப் பேருக்குக் கால் வீங்கியது. தைக்கப்பட்டவர்களில் சுமார் 13 சதவீதத்துக்குத்தான். (இது வேறு 13, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பயந்த மாதிரி ரத்த உறைவும் கூடவில்லை. அறுவை மேசையில் நின்றபடி இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பதிவேட்டை நான் உயர்வாகச் சொன்னது இதனால்தான்.

அப்புறம் அவர் வாத்தியார் ஆனார். படைகளுக்கு மருத்துவர்களை உருவாக்க 1972-ல் சட்டம் இயற்றி அமைத்த பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவத் துறையின் முதல் தலைவர். போர் முடிந்ததும் மருத்துவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் சொல்லித்தராவிட்டால் அடுத்த போருக்கு வருகிறவர்கள் அந்தச் சிரையை மறுபடி கட்டத்தான் செய்வார்கள். அதனால் இந்த வேலையை நான் பதிவேட்டின் இரண்டாம் பாகமாகவே பார்க்கிறேன்.

கட்டுரையில் அந்த 13-க்குக் கீழே முழங்கால் கணக்கையும் சேர்த்துவிட்டேன்.