விளம்பர இடைவேளையில் ஒரே ஒரு கேள்வி

கேள்வி: என் மாமியாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எங்களோடு திருச்சியில் இருக்கிறார். காலையில் பின்கட்டுத் தோட்டம், சாயங்காலம் ஆறரை மணியிலிருந்து சீரியல். இவை இரண்டும்தான் அவர் உலகம். பட்டுக்கோட்டை அருகே உள்ள பூர்வீக வீட்டை வரும் தை மாதம் இடிக்கப்போகிறோம். அதற்குள் குடும்பக் கதையை அவரிடம் கேட்டு எழுதிவைக்க ஆசை. நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தால், "என்னத்த பெரிய வரலாறு, பொறந்தோம், வளந்தோம்" என்று முடித்துவிடுகிறார். வருடங்களும் குழப்பம். ஆதாரில் பிறந்த தேதி 01.06.1946. அவரோ, "நான் சுபானு வருசம் தை மாசம். மலாயாவுல இருந்த சித்தப்பா கடுதாசி நின்னுபோன மறுவருசம்" என்கிறார். எதை எழுதுவது? அந்த வீட்டுக் குண்டுமல்லி, முருங்கை, அவரையை இங்கே கொண்டுவர வழி உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் கெடு இருக்கிறது. இப்போது புரட்டாசி. மல்லிப் பதியன் வேர்விட மூன்று மாதம் ஆகும், சில சமயம் நான்கு. இந்த வாரமோ அடுத்த வாரமோ அத்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்வாருங்கள்.

பென்சில் பருமனுள்ள, தரைக்கு வளையக்கூடிய முற்றிய கிளைகளாக நாலைந்து தேர்ந்தெடுங்கள். மண்ணுக்குள் போகும் இடத்தில், கிளையின் அடிப்பக்கம் ஓர் அங்குல நீளத்துக்குப் பட்டையைச் சீவிவிட்டு, நாலு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே அரைச் செங்கல்லை வையுங்கள். நுனி ஒரு முழமாவது வெளியே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்யும் ஊர் என்பதால் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம். பள்ளத்தில் மட்டும் புதைக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் சீவிய இடம் கறுத்து அழுகிவிடும். மார்கழி பிறந்ததும் தாய்ச்செடிப் பக்கம் வெட்டிவிட்டு, பத்துப் பதினைந்து நாள் அங்கேயே விட்டு, பிறகு மண்ணோடு பெயர்த்து எடுங்கள். வெட்டிய அன்றே பிடுங்குவதால்தான் பாதிப் பதியன் வாடிப்போகிறது.

முருங்கைக்கு அவ்வளவு நாள் வேண்டாம். மணிக்கட்டுப் பருமனில், மூன்று நான்கு அடி நீளத்துக்குப் போத்து வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் கிடத்தினால் வெட்டுவாய் காய்ந்துவிடும். ஒன்றே கால் அடி ஆழத்தில் மணல் கலந்த மண்ணில் நட்டு, மேல்நுனியில் சாணியை அப்பிவிடுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றினால் அடி அழுகும். இரண்டு வாரத்தில் தளிர் எட்டிப்பார்க்கும். அது போத்துக்குள் இருந்த சத்தில் வந்த தளிர். வேர் பிறகுதான் இறங்கும். பிடித்திருக்கிறதா என்று அசைத்துப் பார்த்து அதைக் கொல்கிறவர்களே அதிகம்.

அத்தையைக் கூட்டிப்போகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எதிரே உட்கார்ந்து "சொல்லுங்க" என்றால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு பொருளும் இருந்தால் பேச்சு தானாக வரும். மல்லிச் செடியடியில் நின்று, "இது யார் வச்சது அத்தை?" என்று மட்டும் கேளுங்கள். வைத்தவர் பெயர் வரும். அவர் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார், பூவை யார் கட்டினார்கள், எந்தக் கோயிலுக்குப் போனது என்று அடுத்தடுத்து வரும். கிணறு, அடுப்படி, திண்ணை என்று ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வீடு இடிந்த பிறகு இந்த வசதி இருக்காது.

போனில் பதிவு செய்வதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்துப் பதிவு செய்து பிறகு தெரியவந்தால், வாய் அத்தோடு மூடிக்கொள்ளும். ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுபடாது. தோட்டத்தில் காற்று மைக்கில் அடித்தால் பேச்சு முழுக்க இரைச்சலாகிவிடும். மெல்லிய கைக்குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, அவரிடமிருந்து இரண்டு அடிக்குள் வையுங்கள். தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். "இத எழுதாத" என்று அவர் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: நடுவில் புகுந்து, "அது அப்படி இல்லம்மா" என்று திருத்தக் கூடாது. ஒரு தடவை திருத்தினால் அன்றைய பேச்சு முடிந்தது. முரண் இருந்தால் இரண்டையும் எழுதிவைத்து, ஒரு மாதம் கழித்து அதே கதையை மறுபடி கேளுங்கள்.

சீரியல் நேரத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சத்தத்தைக் குறைக்காதீர்கள், நோட்டை எடுக்காதீர்கள். விளம்பரம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி. திரையில் நாத்தனார் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், "உங்க நாத்தனார் எப்படி அத்தை?" என்பது போதும். வரலாறு என்ற பேச்சே எழாமல் மூன்று பெண்களின் பெயரும், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதும் வந்துவிடும். பத்து மணிக்கு மேல் உங்கள் அறைக்குப் போய் எழுதிக்கொள்ளுங்கள்.

டிவி இன்னொரு விதத்திலும் உதவும். பழைய படம் ஓடினால், எந்தக் கொட்டகையில் பார்த்தார், யாரோடு போனார், இடுப்பில் எந்தக் குழந்தை இருந்தது என்று கேளுங்கள். 'திருவிளையாடல்' என்றால் 1965. ஆனால் டூரிங் டாக்கீஸுக்குப் படம் வந்து சேர ஒன்றிரண்டு வருடம் தாமதமாகும். படம் வந்த ஆண்டை 'அதற்கு முன் இல்லை' என்ற கணக்கில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், புரியாத இந்தியில், தூர்தர்ஷனில் ராமாயணம் பார்த்ததைச் சொன்னால் அது 1987 ஜனவரிக்கும் 1988 ஜூலைக்கும் இடையில். "யார் வீட்டுல பாத்தீங்க?" என்பது நல்ல கேள்வி. அப்போது தெருவில் ஒன்றிரண்டு வீட்டில்தான் பெட்டி இருந்திருக்கும். யார் வீட்டுக்குள் யார் போய் உட்கார முடிந்தது என்பதும் குடும்பக் கதைதான்.

இப்போது வருடக் கணக்கு. உங்கள் அத்தையின் நினைவு ஆதாரைவிடத் துல்லியமாக இருக்கிறது என்றே சொல்வேன். தமிழ் வருடம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பும். 2003 ஏப்ரலில் பிறந்தது சுபானு. அறுபதைக் கழித்தால் 1943. ஆனால் வருடம் சித்திரையில் தொடங்குவதால், சுபானு தை என்பது 1944 ஜனவரி, பிப்ரவரி. இங்கேதான் பலர் ஒரு வருடம் பிசகுகிறார்கள். தை, மாசி, பங்குனி என்றால் ஒன்றைக் கூட்ட வேண்டும் (மார்கழிப் பிற்பாதிக்கும் அப்படியே).

சித்தப்பா கடுதாசி சாட்சி சொல்கிறது. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது 1942 பிப்ரவரி 15. மலாயாவோடு இருந்த தபால் தொடர்பு அறுந்தது. அந்தச் சித்திரையில் பிறந்தது சித்திரபானு; அந்த வருடம் முழுக்க வீட்டில் தபால்காரரை எதிர்பார்த்து ஏமாந்திருப்பார்கள். மறுவருடம் சுபானு. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அப்படியானால் 01.06.1946 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலிருந்து. அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று எழுதிக்கொண்டார்கள். பள்ளி திறப்பது ஜூனில். 1951 ஜூனில், ஏழு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, ஐந்து முடிந்தது என்று எழுதினால் கிடைப்பது இந்தத் தேதிதான். அந்தத் தலைமுறையில் ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்! ஆதாரை மாற்றப் போகாதீர்கள். மற்ற ஆவணங்களோடு முட்டிக்கொள்ளும். குடும்ப நோட்டில் இரண்டு தேதியையும், காரணத்தோடு எழுதுங்கள்.

மற்ற வருடங்களுக்கும் இதே வழி. "கல்யாணமான நாலாம் மாசம் தனுஷ்கோடி புயல்" என்று சொன்னால், புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. கல்யாணம் அந்த ஆவணியில். மலாயாவுக்குப் போனவர்கள் கதையில் கப்பல் பெயரைக் கேளுங்கள். ரஜூலா என்றால் 1926க்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடையில். சிதம்பரம் என்றால் அதற்குப் பிறகு.

உறவுப் பெயர்களில் ஒரு கண்ணி உண்டு. "பெரியம்மா" என்றால் அம்மாவின் அக்காவும் ஆகலாம், பெரியப்பாவின் மனைவியும் ஆகலாம். ஒவ்வொருவருக்கும் "கூடப் பொறந்தவங்களா, கட்டிக்கிட்டு வந்தவங்களா?" என்று கேட்டுவிடுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். முத்தையா 1, முத்தையா 2 என்று எண் போடுங்கள், பட்டப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மாமன் மகளைக் கட்டிய குடும்பமானால் ஒரே ஆள் வரைபடத்தில் இரண்டு இடத்தில் வருவார். போனில் கிடைக்கும் வம்ச மரச் செயலிகள் அந்த இடத்தில் சிக்கும். அகலமான சார்ட் பேப்பரும் பென்சிலும் போதும்.

வீட்டை இடிக்கும் முன் தேட வேண்டியது பரண். பத்திரங்களில் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுங்கள். இன்னார் குமாரர் இன்னார், இன்ன கிராமம் என்று இரண்டு மூன்று தலைமுறை அதில் இருக்கும். மூலம் தொலைந்திருந்தால், பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பழைய பத்திரங்களில் மகள்களின் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்ற சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் பெரும்பாலும் ஆண்மக்கள் மட்டுமே இருப்பார்கள்.

பெண்களின் பெயர் இருக்கும் இடம் வேறு. ஒன்று, மொய் நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். தாய்மாமன் மொய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தாலே அந்த மணப்பெண்ணுடைய அம்மாவின் பிறந்த ஊர் கிடைத்துவிடும். இன்னொன்று, பாத்திரம். சீர் வரிசையில் வந்த குடம், அண்டா, குத்துவிளக்கு, சொம்பு எல்லாவற்றையும் கவிழ்த்து விளிம்பைப் பாருங்கள். பெயரோ, முதலெழுத்துகளோ, சிலவற்றில் தேதியோ வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தால், அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். அப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குவது அதற்குப் பிறகு நடக்கட்டும். அண்டாவோடு ஒரு கொள்ளுப்பாட்டியின் பெயரையும் எடைக்குப் போட்ட வீடுகள் ஏராளம்.

புகைப்படங்களில், கண்ணாடியோடு ஒட்டிப்போனவற்றைப் பிரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துவைத்து, ஃபிளாஷ் இல்லாமல் அப்படியே படம் எடுங்கள். பிரிக்க முடிகிற படமானால் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், அதில் ஊர் தெரியும். பெயர்களைப் பின்னால் மெல்லிய பென்சிலில் எழுதுங்கள், பால்பாயின்ட் வேண்டாம். மொய் நோட்டுக்கு லேமினேஷனும் செலோடேப்பும் வேண்டவே வேண்டாம்.

அவரையை மறக்கவில்லை. நாட்டு அவரை ஆடியில் விதைத்தாலும் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும்; தையில் காய் பறிக்கலாம், காய்ந்த நெற்று மாசியில்தான் கிடைக்கும். அதற்குள் பந்தல் இருக்காது. இடிப்பை ஒரு மாதம் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், கொடியின் நடுப்பகுதியில் முதலில் பிடித்த காய்களைப் பறிக்காமல் விட்டுவைத்து, அவை மஞ்சளாகித் தளரும்போது பறித்து, தோலோடு நிழலில் காயவையுங்கள். பிறகு உரித்து, இளவெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டு, சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து சீசாவில் இறுக மூடுங்கள். பிஞ்சாகப் பறித்த விதை சுருங்கும், முளைக்காது. சரியாகக் காயாத விதையில் வண்டு விழும்.

சீசாவில் ஒட்டும் சீட்டில், விதை யார் வீட்டிலிருந்து வந்தது என்று அத்தையையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். "எல்லாம் நம்ம வீட்டு வெததான்" என்பார் முதலில். அந்த வீட்டுக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.