போக்கர் பபிளில் பெரிய ஜோடி: கேள்வி பதில்

கேள்வி: போக்கர் டோர்னமெண்டில் பபிள் நேரம், அதாவது இன்னும் ஒருவர் வெளியேறினால் மிச்சப் பேர் எல்லோருக்கும் பரிசு. என்னிடம் குயின் ஜோடி. என்னைவிடச் சிப் அதிகம் வைத்திருந்தவர் ஆல் இன் போட்டார் (இருந்த சிப் மொத்தத்தையும் பந்தயம் வைத்தார்), நான் ஃபோல்டு செய்து சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். நண்பர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். தப்பா அண்ணா?

பதில்: சிரிக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். நான்கு பேர் மிச்சம், பரிசு மூவருக்கு: 50, 30, 20. எல்லோரிடமும் சமமான சிப் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பரிசுப் பணத்தில் உங்கள் பங்கு 25 பெறும். கால் செய்து, அதாவது அவர் பந்தயத்துக்கு ஈடாகச் சிப் வைத்து, ஜெயித்தால் சிப் இரட்டிப்பாகும், ஆனால் பங்கு 50 ஆகாது, 38 சொச்சம்தான். தோற்றால் பூஜ்ஜியம். அதாவது நூற்றுக்கு 65 தடவை ஜெயிக்கிற கை வேண்டும். ஏஸ் கிங்கை எதிர்த்துக் குயின் ஜோடி ஜெயிப்பது 54லிருந்து 57 தடவை. சாதாரண நேரத்தில் அது நல்ல கால், இங்கே நஷ்டம். அதே சமயம், பெரிய ஸ்டாக் (சிப் குவியல்) இருக்கிற தெம்பில் கண்ட சீட்டையும் வைத்துத் தள்ளுகிற ஆள் என்றால் உங்களுக்கு 80 வரை கிடைக்கும், யோசிக்காமல் கால் செய்யலாம். அவர் அதற்கு முந்தின பத்து கையில் எத்தனை தடவை ஆல் இன் போட்டார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

கேள்வி: அப்போ ஏஸ் ஜோடியையும் கீழே வைக்கணுமா?

பதில்: வழக்கமான டோர்னமெண்டில் வேண்டாம். கிங் ஜோடி எதிரே வந்தாலும் நூற்றுக்கு 80க்கு மேல் உங்கள் பக்கம்தான். சாட்டிலைட் வேறு கதை, அங்கே பரிசு பெரிய டோர்னமெண்டுக்கான டிக்கெட். பத்து டிக்கெட், பதினோரு பேர், சிப்பில் நீங்கள் இரண்டாவது, முதலாவது ஆள் ஆல் இன் போடுகிறார். ஏஸ் ஜோடியாக இருந்தாலும் ஃபோல்டுதான். முதலாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் அதே டிக்கெட். ஒரு தடவை இப்படிக் கால் செய்துவிட்டு, மற்றவர்கள் டிக்கெட் வாங்குவதை வேடிக்கை பார்த்தவன் நான்.

கேள்வி: எட்டு பிக் பிளைண்டுக்குத்தான் (சீட்டுப் போடும் முன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) சிப் மிச்சம், ஜாக் ஜோடி. சின்னதாக ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) ஃப்ளாப், அதாவது மேஜையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு, பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், மொத்தமாகத் தள்ளுங்கள். ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது ஃப்ளாப்பில் விழ 57 சதவீத வாய்ப்பு. விழுந்த பிறகு, இவ்வளவு சிப்பைப் போட்டுவிட்டோமே என்று முழிப்பீர்கள்.

கேள்வி: பெரிய ஸ்டாக் நான்தான். தொடர்ந்து ரெய்ஸ் செய்து பிளைண்டு அள்ளிக்கொண்டிருந்தேன், கிங் ஜோடி வந்தது. வெறுமனே கால் போட்டு மற்றவர்களை உள்ளே இழுக்கலாமா?

பதில்: வழக்கமாகப் போடும் அதே அளவு ரெய்ஸ் போடுங்கள். நாலு கையாக ரெய்ஸ் செய்தவர் திடீரென்று அடங்கிப்போனால், எதிரே இருப்பவருக்குச் சந்தேகம் வராதா என்ன?