கிளைகள் திறந்தும் பெப்பே பீட்சாவின் ருசி எப்படித் தப்பியது?

கிளை பரப்பினாலே கைமணம் போய்விடும், அமெரிக்காவின் பெப்பே குடும்பக் கடை மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கால்வாசி பதில் அடுப்பில்தான் இருக்கிறது.

இத்தாலியிலிருந்து வந்த ஃபிராங்க் பெப்பே, கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில், ஊஸ்டர் தெருவில் 1925இல் தொடங்கிய கடை இது. செங்கல் அடுப்பு, நிலக்கரித் தணல், வறண்ட கடும் சூடு. மெல்லிய ரொட்டியின் ஓரம் அங்கங்கே கறுத்து, அடி மொறுமொறுப்பாகி, உள்ளே மட்டும் இழுவையாக நிற்கும். புதிதாகப் போகிறவர் கருகிவிட்டது என்று முகம் சுளிப்பார். அங்கே அதுதான் பக்குவம்.

ஊருக்கு வெளியே முதல் கிளை அதே மாநிலத்து ஃபேர்ஃபீல்டில், 2006இல்தான். ஏறக்குறைய 80 வருடம் கழித்து! அங்கேயும் கேஸ் அடுப்பு வைக்கவில்லை. பழைய அடுப்பின் அச்சாகவே ஒன்றைக் கட்டினார்கள். செலவு பிடிக்கிற பிடிவாதம்தான். கண்ட இடத்திலெல்லாம் கிளை முளைக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், அவர்களுடைய பேர்போன பீட்சாவில் தக்காளி கிடையாது. மட்டி என்கிற கடல் சிப்பியின் சதை, பூண்டு, ஆரிகனோ மூலிகை, ஆலிவ் எண்ணெய், மேலே துருவிய சீஸ். தக்காளி பீட்சா கேட்டாலும் சரி, மொஸரெல்லா சீஸ் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.