பூட்டான் செல்ல விசா வேண்டுமா, எவ்வளவு செலவாகும்?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் கணவரும் மகள், மருமகன், எட்டு வயதுப் பேத்தி ஆகியோருடன் பூட்டானில் ஐந்து இரவுகள் தங்க விரும்புகிறோம். எங்கள் இருவருக்கும் மகளுக்கும் இந்தியக் குடியுரிமை. மருமகனும் பேத்தியும் அமெரிக்கக் குடிமக்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருக்கிறார்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பது எங்கள் ஐவருக்கும் பொருந்துமா?

பதில்: உங்கள் மூவருக்கு மட்டுமே பொருந்தும். ஓசிஐ அட்டை இந்தியா தரும் சலுகையே தவிர குடியுரிமை அல்ல. பூட்டான் பார்ப்பது பாஸ்போர்ட்டை. ஆகவே மருமகனும் பேத்தியும் முன்கூட்டியே விசா பெற வேண்டும். அதற்குத் தலைக்கு 40 டாலர். இது திரும்பக் கிடைக்காது. உங்கள் மூவருக்கு விசாவுக்குப் பதிலாக நுழைவு அனுமதிச் சீட்டு போதும்.

இதற்கு மேல், எல்லோரும் செலுத்த வேண்டியது, பூட்டான் அரசு பயணிகளிடம் இரவுக் கணக்கில் வாங்கும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். பிற நாட்டினர் பெரும்பாலோருக்கு 100 டாலர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பாதிக் கட்டணம், அதற்கும் சிறிய குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை. பகல்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுங்கள்: திங்கள் காலை இறங்கிச் சனிக்கிழமை புறப்பட்டால் ஐந்து இரவுகள்தான். அப்படிப் பார்த்தால் உங்கள் மூவருக்கும் சேர்த்து 18,000 ரூபாய். மருமகனுக்கு விசாவோடு 540 டாலர், பேத்திக்கு 290 டாலர். ஒரே குடும்பம் ஒரே அறையில் தங்கினாலும் கணக்கு இப்படித்தான் பிரியும் என்பதை மருமகனிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: நாளொன்றுக்கு 250 டாலர் கட்டினால் தங்குமிடம், சாப்பாடு, கார் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: நண்பர் கொரோனாவுக்கு முந்தைய நடைமுறையைச் சொல்கிறார். அப்போது வெளிநாட்டுப் பயணிகள், பயணிகள் மிகுந்த மாதங்களில் 250 டாலரும் மற்ற மாதங்களில் 200 டாலரும் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டினார்கள். தங்குமிடம், உணவு, வழிகாட்டி, வாகனம் ஆகியவற்றோடு அரசுக்குரிய 65 டாலரும் அதிலேயே இருந்தது. 2022 செப்டம்பர் 23 அன்று எல்லைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது அந்தத் தொகுப்பு முறை கைவிடப்பட்டு, அரசுக் கட்டணம் மட்டும் 200 டாலராக உயர்ந்தது. பயணிகள் வரத்து எதிர்பார்த்தபடி இல்லாததால் மறு ஆண்டே அது பாதியாகக் குறைக்கப்பட்டது. இந்த 100 டாலர் விகிதம் 2027 ஆகஸ்ட் 31 வரை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இன்று நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சேராது. பயண முகவர் விலை சொல்லும்போது, இந்தக் கட்டணம் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மனத்தாங்கல்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் வருகின்றன.

கேள்வி: பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஆதார் அட்டையைக் காட்டலாமா?

பதில்: கூடாது. வாக்காளர் அடையாள அட்டை அல்லது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இவை இரண்டில் ஒன்று வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். நம்மவர்கள் இடறும் இடம் இனிஷியல்தான்: அட்டையில் ஒற்றை எழுத்தாக இருப்பதை விண்ணப்பத்தில் தந்தை பெயராக விரித்து எழுதிவிடுகிறார்கள். அட்டையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். விமானச் சீட்டிலும் அதே பெயர் இருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து நாட்டைப் பார்க்க இரவுதோறும் வரி கட்டுவது நியாயமா? 2020 வரை இந்தியர்களுக்கு இது இல்லையே?

பதில்: இல்லைதான், அதனால் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. 1974இல் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் முடிசூடிய ஆண்டில் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தபோதே, குறைவான பேர் வந்தாலும் போதும், வருகிறவர்களால் நாட்டுக்குப் பயன் இருக்க வேண்டும் என்ற கொள்கையைப் பூட்டான் எடுத்துக்கொண்டது. நிலப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008இன் அரசியலமைப்பில் எழுதிவைத்திருக்கிறது. மலையேறிகள் தரக்கூடிய பெரும் வருவாயைத் துறந்து, மலைகளின் புனிதம் கருதி, 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புவென்சும் சிகரத்தில் ஏறுவதையே தடுத்திருக்கிறது. மக்களுக்கு மருத்துவமும் பள்ளிக் கல்வியும் இலவசமாகத் தரும் சிறிய நாடு அது. நாம் கட்டும் தொகையும் அரசின் இத்தகைய செலவுகளுக்கே போய்ச் சேர்கிறது.

கட்டணத்துக்குப் பயந்து எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். மேற்கு வங்கத்தின் ஜெய்காவுன் கடைத்தெருவை ஒட்டியே எல்லை வாயில் இருக்கிறது. அதைத் தாண்டினால் புவென்ட்ஷோலிங். அந்த எல்லை நகரத்தோடு நின்று 24 மணி நேரத்துக்குள் திரும்புவோருக்கு இந்தக் கட்டணம் இல்லை. இந்திய ரூபாயும் பூட்டானின் இங்குல்ட்ரமும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் பணம் மாற்றவும் அலைய வேண்டாம். கைக்கடிகாரத்தை மட்டும் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.