நின்றே வேலை பார்ப்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது ஏன்?

அக்கா ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள், காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது, வால்வு போய்விட்டது என்கிறார்கள், நன்றாக இருந்த வால்வு எப்படிக் கெடும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவும் புடவைப் பிரிவில் 18 வருடம் நின்றவர். அதனால் இதைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

முதலில், அது நரம்பே இல்லை. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. அதற்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கிற சின்னக் கதவுதான் வால்வு. பேச்சுவழக்கில் நரம்பு என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் நரம்பு டாக்டரிடம் போய் ஒரு நாளை வீணாக்கினோம். பார்க்க வேண்டியது ரத்தக்குழாய் அறுவை மருத்துவரை, அதாவது வாஸ்குலர் சர்ஜனை.

வால்வு கெடுவதால்தான் குழாய் வீங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் பல பேருக்கு முதலில் தளர்வது குழாயின் சுவர்தான். அந்தச் சுவரில் தசை செல்களும், இழுத்தால் திரும்பச் சுருங்குகிற எலாஸ்டினும், விறைப்பைத் தருகிற கொலாஜனும் பின்னிக் கிடக்கின்றன. இப்படிச் சுருண்டு புடைத்த (வெரிகோஸ் என்பார்கள்) சிரையை எடுத்துப் பார்த்தால் எலாஸ்டின் இழைகள் துண்டு துண்டாகக் கிடக்கும், கொலாஜன் வகைகளின் விகிதமே மாறியிருக்கும், சுருங்க வேண்டிய தசை செல்கள் அந்த வேலையை விட்டுவிட்டுப் புது நார்களைச் சுரந்துகொண்டிருக்கும். சுவர் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் போய்விடும். இரட்டைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள், கதவு இரண்டும் நன்றாகவே இருக்கும், நிலை அகன்றுபோனால் நடுவில் இடைவெளி விழத்தானே செய்யும்? வால்வுக்கு நடப்பதும் அதுதான். இடைவெளி வழியாக ரத்தம் கீழே இறங்க, அழுத்தம் கூடி, சுவர் இன்னும் விரிகிறது.

நிற்பதன் பங்கு இங்கேதான். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் 80-90 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும், நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்துவிடுவதால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். கடையில் நடக்கவா விடுகிறார்கள்! அதற்காக நிற்பது மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன், பரம்பரை பெரிய காரணம் (எங்கள் ஆச்சிக்கும் இருந்தது), பிரசவங்களும் சேர்ந்துகொள்ளும்.

அம்மாவுக்குச் சாயங்காலமானால் கொலுசு கணுக்காலில் அழுந்தித் தடம் பதிந்திருக்கும். அப்புறம் உட்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகி அரிக்க ஆரம்பித்தது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டினார், கடைசியில் அதே இடத்தில் ஆறாத புண். பழுப்பு நிறம் தெரிந்தபோதே கூட்டிப்போயிருக்க வேண்டும், அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அழுத்தக் காலுறை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், ஆனால் தொய்ந்த சுவரைப் பழையபடி ஆக்காது. அதனால்தான் லேசர், ரேடியோ அலை, நுரை ஊசி என்று அந்தக் குழாயையே மூடிவிடுகிறார்கள். ஆழத்தில் இருக்கும் சிரைகள் நன்றாக இருந்தால் ரத்தம் அந்த வழியே போய்விடும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அக்கா தாராளமாகக் கேட்கலாம். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும்போது படுக்க வைத்து மட்டும் பார்த்தால், நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தம் கீழே திரும்புவது அப்போதுதான் சரியாகத் தெரியும்.