அரசியல் கோட்பாட்டில் முதுமாணி செய்வதென்றால் உண்மையில் என்ன படிப்பது?

யாழ்ப்பாணத்தில் அரசறிவியல் பட்டம் முடித்த தம்பி ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். நம்மூர் உதாரணத்தோடே சொல்கிறேன்.

பிரித்தானிய ஆட்சியில் இருந்த இலங்கையில் 1931இல் நடந்த அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெற்றிடமாகின. ஏன் பகிஷ்கரித்தார்கள், யாருக்கு என்ன இலாபம் என்று தேடுவது வரலாற்று ஆய்வு. சரி, வாக்களிக்க மறுத்தவரை அந்த ஆட்சியின் சட்டம் கட்டுப்படுத்துமா? இதுதான் கோட்பாட்டுக் கேள்வி.

இங்கே பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் வருவார். ஒரு நாட்டின் தெருவில் சுதந்திரமாக நடப்பதே அதன் அரசுக்கு மறைமுக இசைவு என்றார். காலனிக் குடிமகனுக்கு இது பொருந்துமா? எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஏன் இல்லையென்று மூலநூலை வரிவரியாக வாசித்து வாதிடுவதுதான் முதுமாணி வேலை.

ஆங்கில வாசிப்பை இப்போதே பழகுங்கள் தம்பி. அப்புறம் மேற்பார்வையாளரைத் தேடலாம்.