மன்றோ துருத்துக்கு வள்ளத்தில் போகலாமா?

வாசகர் கேள்விகளுக்குச் செங்கோட்டை கயிற்றுக்கடைக்காரர் பதில்

கேள்வி: அறுபதைத் தாண்டிய அம்மாவையும் எட்டு வயசுப் பையனையும் மன்றோ துருத்துக்குக் கூட்டிப்போக ஆசை. எப்படிப் போவது, எந்தப் படகில் ஏறுவது?
(வாசகி, கடையநல்லூர்)

பதில்: தாராளமாகப் போங்கம்மா. துருத்தென்றால் தீவு, வள்ளமென்றால் படகு. கேரளத்தில் கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயல் என்கிற உப்பங்கழியில் இருக்கிறது இந்தத் தீவு. ஆனால் காலையில் நம்ம ஊரில் கிளம்பினால் உச்சி வெயிலில்தான் போய்ச் சேருவீர்கள். முந்தின ராத்திரியே கொல்லத்தில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து காயங்குளம் பக்கம் போகிற பாசஞ்சரில் பெரிநாட்டை அடுத்த ஸ்டேஷன் மன்றோ துருத்து. எல்லா வண்டியும் நிற்காது, கேட்டு ஏறுங்கள். அதற்கு முன்னால் வருவது பெருமண் பாலம். 1988 ஜூலை 8-ல் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் போனது அங்கேதான். விடியும் முன்பே வள்ளம் ஏற வேண்டுமென்றால் ரயிலை நம்பாமல் கொல்லத்திலேயே ஆட்டோ பேசிவிடலாம்.

மோட்டார் போட் வேண்டாம். மூங்கில் கழி ஊன்றித் தள்ளுகிற சின்ன வள்ளம்தான் வேண்டும் என்று சொல்லிப் பேசுங்கள். இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் தோட்டுக்குள் இருக்கிறது. தோடென்றால் வீட்டுக் கொல்லைகளுக்கு நடுவே ஓடுகிற குறுகலான வாய்க்கால். ஒருபக்கம் துணி துவைப்பார்கள், மறுபக்கம் வாத்து மேயும். இரண்டு கரையிலிருந்தும் கண்டல் (அலையாத்தி) மரங்கள் சாய்ந்து தலைக்கு மேலே கூரை கட்டியிருக்கும். குறுக்கே வருகிற சிமெண்டுப் பாலங்கள் ரொம்பத் தாழ்வு. “தல குனிச்சோ!” என்று வள்ளம் தள்ளுகிற சேட்டன் குரல் கொடுத்தால் போட்டோவை விட்டுவிட்டு மடியில் முகம் புதைக்கிற அளவுக்குக் குனியணும். கடல் ஏறி ஏற்றத் தண்ணீர் கூடிய நேரமென்றால் சில பாலத்துக்கு அடியில் வள்ளம் நுழையவே நுழையாது, சுற்றித்தான் போவார்கள்.

அம்மாவை நடுப்பலகையில் உட்கார வையுங்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று சேட்டன் சிரித்தாலும் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் ஏற்றாதீர்கள். தோட்டுக்குள் போனபிறகு கழிப்பறைக்கு வழியில்லை, ஏறுமுன்பே முடித்துக்கொள்ளுங்கள். வாடகை ஆளுக்கா, வள்ளத்துக்கா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். குற்றால சீசன் நேரத்தில் போனால் அங்கேயும் மழைதான்.

கேள்வி: மன்றோ துருத்தை ‘மூழ்கும் தீவு’ என்று போட்டிருந்தார்களே, போகப் பயமாக இருக்கிறதே?
(வாசகர், புளியரை)

பதில்: வந்து போகிற உங்களுக்கு ஒரு பயமும் இல்லை, பயமெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்கு. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் நிற்கிற மண் அது. அந்த ஆறு எங்கே பிறக்கிறது? ஆரியங்காவைத் தாண்டினால் வருகிற நம்ம மலையில்தான். குளத்துப்புழை ஆறும் செந்துருணி ஆறும் கல்துருத்தி ஆறும் தென்மலைப் பக்கம் கூடிக் கல்லடையாறாகி, புனலூரில் 1877-ல் கட்டிய தொங்கு பாலத்துக்கு அடியில் ஓடிப் போகிறது. தென்மலையில் அணை வந்தபிறகு வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது. புது மண் வராத தீவை உப்புத் தண்ணீர் அரிக்காமல் விடுமா?

2004 சுனாமிக்குப் பிறகுதான் மோசம் என்பார்கள் சிலர், ரயில் ஓடுகிற அதிர்வு என்பார்கள் சிலர். எனக்கு அணைமேல்தான் முதல் சந்தேகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்தண்ணீர் முற்றத்துக்குள் வந்துவிடும். வீட்டுச் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள், முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து செங்கல் உப்புப் பூத்திருக்கும். அந்தச் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

நான் கயிறு எடுக்கப் போன காலத்தில் காயலோரமெல்லாம் தேங்காய் மட்டை ஊறிக்கிடக்கும். மாதக்கணக்கில் ஊறினால்தான் நார் பொன்னிறமாக வரும். நாற்றத்தைச் சொல்லி முடியாது, சட்டையில் ஏறினால் வீடுவரை கூடவே வரும். பெண்கள் மட்டையை அடித்து ராட்டில் திரிப்பார்கள். இப்போது அந்த வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. ராட்டுச் சத்தம் கேட்டால் வள்ளத்தை நிறுத்தச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டு பாருங்கள், ஒரு கட்டுக் கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கிற மன்றோவும் துருத்துக்குப் பெயர் தந்த மன்றோவும் ஒருவரா?
(வாசகர், தென்காசி)

பதில்: வேறு வேறு ஆள். தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் சென்னை கவர்னராக இருந்து 1827-ல் காலராவில் இறந்த தாமஸ் மன்றோ. துருத்துக்குப் பெயர் தந்தவர் ஜான் மன்றோ. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது வெள்ளைக்காரக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர், 1811 முதல் 1814 வரை திவான் வேலையும் பார்த்தார்.

கேள்வி: சாப்பாடு?
(வாசகர், இலஞ்சி)

பதில்: மீன் சாப்பிடுவீர்களென்றால் வாழையிலையில் சுட்ட கரிமீன் பொள்ளிச்சது, கப்பாவோடு (மரவள்ளிக்கிழங்கு) கக்கா (சிப்பி) இறைச்சி. அஷ்டமுடிக் கக்கா லேசுப்பட்டதில்லை: வளம் அழியாமல் எடுக்கிறார்கள் என்று 2014-ல் சர்வதேசச் சான்றிதழ் வாங்கியது. இந்திய மீன்பிடிப்பில் அதுதான் முதல். சைவக்காரர்கள் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: அதே நாளில் சடையமங்கலம் ஜடாயுப்பாறையையும் பார்த்துவிடலாமா?
(வாசகர், செங்கோட்டை)

பதில்: பார்க்கலாம். ரெண்டையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சரியில்லை என்று எனக்கே கடிதம் எழுதுவீர்கள். ஜடாயுவுக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை போங்கள் அண்ணாச்சி.